வேதாளத்துக்குப் பதில் சொன்னவர்கள்
கொல்லிமலை அடிவாரமும் தமிழ் மாயக்கதை வாசிப்பும்

மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் உடம்புக்குள் இருக்கிறது என்று கதை சொன்னால், கேட்கிற குழந்தை மறுத்துப் பேசுவதில்லை. கிளியின் கழுத்தைத் திருகிப் போட்ட பிறகும் மந்திரவாதி எழுந்து வந்தால்தான் வாயைத் திறக்கும்: "கிளிதான் செத்துப் போச்சே, இவன் எப்படி வந்தான்?" நடக்கவே நடக்காத ஒன்றை ஒப்புக்கொண்ட அதே மனம், அடுத்த நிமிடமே கதைசொல்லியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. மாயக்கதைகளைப் பற்றி வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த ஒப்புதலுக்கும் இந்த விசாரணைக்கும் நடுவில் பிறப்பதுதான்.

தமிழ்த் திறனாய்வு இந்தப் பேச்சைப் பெரிதாகக் காதில் வாங்கியதில்லை. புதுமைப்பித்தன் 'பிரம்ம ராக்ஷஸ்', 'கபாடபுரம்' போன்ற கதைகளை எழுதிவிட்டுப் போயிருந்தும், அவருக்குப் பின் நெடுங்காலம் யதார்த்தமே தரத்தின் அளவுகோலாக இருந்தது. மாயாஜாலம் குழந்தைகளுக்கானது அல்லது பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதை விரும்பிப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள், எதை மெச்சினார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள் என்று கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வியை நாமக்கல் மாவட்டத்தின் எருமப்பட்டி வட்டாரத்தில் நின்று கேட்டுப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. பெரிய இலக்கிய நகரம் எதுவும் இல்லை இங்கே. வடக்கே கொல்லிமலை; கீழே சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் விளையும் காடு; கோழிப்பண்ணைகள்; நாமக்கல்லுக்கும் துறையூருக்கும் போகும் பேருந்துகள். ஆனால் சங்கப் பாடல் முதல் இன்றைய நாவல் வரை மாயக்கதையின் ஏறக்குறைய எல்லா வடிவங்களும் இந்தச் சமவெளியைத் தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இங்கே மாயக்கதை என்பது நாலு பேர் கூடி விசாரிக்கும் வழக்காகவே இருந்து வந்திருக்கிறது. கருத்துச் சொல்வது கதை முடிந்த பிறகு ஒட்டிக்கொள்ளும் வால் அன்று, கதையின் உறுப்பு.

மலை கொடுத்த கதைகள்

கொல்லிமலையின் பழைய அதிசயம் கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் அவள் வருகிறாள். தெய்வம் சமைத்த பாவை; காற்றடித்தாலும், இடியும் மழையும் வந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குன்றாமல் நிற்பவள். பகைவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பொறி என்ற செய்தி பின்னாளைய மரபில் வலுத்தது. மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்போர் இன்றும் உண்டு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு, அறுத்த மீன்கள் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீந்தின என்ற கதை. ஆகாய கங்கை அருவியை ஒட்டிச் சித்தர் குகைகள். இவற்றையெல்லாம் அடிவாரத்துக்காரர்கள் கதை என்று தனியே பிரித்து வைப்பதில்லை. மலையின் விவரங்களாகவே சொல்வார்கள்.

வல்வில் ஓரியின் அம்பு இன்னும் சுவையான வழக்கு. புறநானூற்றில் வன்பரணர் பாடிய பாட்டில், ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஐந்து உயிருக்கு ஓர் அம்பு. பாட்டிலேயே பார்த்தவர்களுக்குச் சந்தேகம்: இவன் சாதாரண வேட்டுவன் இல்லையே, ஓரிதானோ, வேறு யாரோ? அதிசயத்தைச் சொன்ன கையோடு அதைக் கண்டு வியந்து விவாதிக்கும் ஒரு கூட்டத்தையும் உள்ளே வைத்துவிடுகிறார் புலவர். ஆடிப் பெருக்கையொட்டி மலையில் ஓரி விழா எடுக்கும் இந்தக் காலத்திலும், அந்த அம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது 'முடியுமா?' என்ற கேள்வியாக இருக்காது. யானையில் தொடங்கி உடும்பில் முடியும் வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது விளக்கத் தொடங்குவார். பெரிய உடம்பில் புகுந்த அம்பு வேகம் குறைந்து குறைந்து சின்ன உடம்பில்தானே நிற்க வேண்டும்! மிகை மிகைதான். ஆனாலும் அதற்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. கேட்பவர் அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார்.

பட்டி காளியை மடக்கிய இடம்

அச்சு வந்தபின் இந்த விசாரணைக்குப் புது இடம் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள் கிராமங்களுக்குள் நுழைந்தன. மலிவுத் தாள், கோட்டுப் படங்கள், மங்கிய விளக்கு வெளிச்சத்திலும் படிக்கத் தோதான கொட்டை எழுத்து. சென்னை இரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை என்று வரிசையாக அச்சிட்டன. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் மெல்ல மெல்ல மௌன வாசிப்பாக மாறிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். இந்தக் கதைகள் மாற்றத்துக்கு முந்தைய கரையைச் சேர்ந்தவை.

விக்கிரமாதித்தன் கதையில் ஓர் இடத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு விவரம் சற்று மாறும்; சாரம் இதுதான். காளி விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் ஆண்டு அரசாளும் வரம் கொடுக்கிறாள். தம்பியும் மந்திரியுமான பட்டி தனக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் கேட்கிறான். அண்ணன் தலையைக் கொண்டுவந்தால் தருகிறேன் என்கிறாள் காளி. பட்டி தலையைக் கொண்டுபோய் வைக்கிறான், வரம் வாங்குகிறான், வாங்கியதும் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று அவள் கேட்கிறாள். 'ஆயிரம் வருஷம் என்று நீ வரம் கொடுத்த ஆள் இன்றைக்கே செத்துக் கிடக்கிறான். எனக்குக் கொடுத்த இரண்டாயிரத்தை எதை நம்பி வாங்கிக்கொள்வது?' காளிக்கு வேறு வழியில்லை, அண்ணனை எழுப்பித் தருகிறாள். அடுத்து ஆயிரத்தை இரண்டாயிரம் ஆக்க வேண்டும். அரசாளத்தானே ஆயிரம்? அப்படியானால் நாடு ஆறு மாதம், காடு ஆறு மாதம். காட்டில் இருக்கும் நாள் ஆட்சிக் கணக்கில் வராது.

இந்தக் கட்டத்தில் கேட்பவர்கள் ரசிப்பது காளியின் மகிமையை அன்று; அவள் தன் சொல்லாலேயே கட்டுப்பட்டதை. மாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனை தெய்வத்தையும் கட்டும், அதன் ஓட்டையைக் கண்டுபிடிப்பவன் புத்திசாலி. நிலப் பத்திரத்தில் வரி வரியாகத் துருவிப் பார்க்கும் அதே கண்ணோடு ஒரு விவசாயி வரத்தையும் பார்க்கிறார்.

வேதாளக் கதைகள் இதை ஒரு படி மேலே கொண்டுபோகின்றன. விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கும் வேதாளம் ஒரு கதை சொல்கிறது, முடிந்ததும் கேள்வி கேட்கிறது: இதில் யார் செய்தது சரி? தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். இருபத்துநாலு முறை மன்னன் தீர்ப்புச் சொல்கிறான். கடைசிக் கதையில் ஒரு தந்தையும் அவன் மகனும் வேறொரு குடும்பத்துத் தாயையும் மகளையும் மணக்கிறார்கள்: தந்தை மகளை, மகன் தாயை. அவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது கேள்வி. மன்னனுக்குப் பதில் இல்லை. தமிழில் இதைக் கேட்ட கூட்டங்களில் ஒவ்வொருவரும் மன்னனுக்கு முன்பே பதில் சொல்ல முயன்றிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. கதையின் கட்டுமானமே அதற்காகத்தான். உறவுமுறை என்றால் மணிக்கணக்கில் பேசக்கூடிய நாட்டில் அந்தக் கடைசிக் கேள்வி எத்தனை திண்ணைகளைச் சூடாக்கியிருக்கும்!

உடுக்கைச் சத்தத்தில் கேட்டவர்கள்

அச்சுக்கு வெளியே கொங்குச் சமவெளிக்குத் தனியொரு பெருங்கதை உண்டு: அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், வேட்டுவரோடு பகை, வயலை அழிக்க வரும் மாயப் பன்றி கொம்பன். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் இந்தக் கதையைக் கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்தார். அதே பாடகர் கூட்டமில்லாமல் ஒருவரிடம் சொல்லி எழுதவைத்த வடிவமும் அவர் ஆய்வுக்குக் கிடைத்தது. ஒரே வாயிலிருந்து வந்த ஒரே கதை, கேட்பவர்கள் இருக்கும்போது ஒரு மாதிரியும் இல்லாதபோது வேறு மாதிரியும் அமைந்ததையே அவர் ஆய்வுப் பொருளாக்கினார். கேட்பவர் வெறும் காது இல்லை. கதையை நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கதையின் முடிவில் தங்காள் இறந்துபோன அண்ணன்மாரை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து பேசுகிறார்கள். ஆனால் தங்குவதில்லை, விதித்த ஆயுள் தீர்ந்துவிட்டது. பாசத்துக்கு இரங்கிப் பாடகர் அவர்களை உயிரோடு விட்டுவிட்டால் கூட்டம் சந்தோஷப்படும் என்றுதான் தோன்றும். ஆனாலும் விடமாட்டார். கிளி செத்தால் மந்திரவாதி சாக வேண்டும் என்ற குழந்தையின் சட்டமும் இதுவும் ஒன்றுதான்.

இந்தக் கூட்டங்களைப் பொன்னுலகமாக வரைந்துவிடக் கூடாது. திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று கேட்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக் கூடாது என்பதைச் சாதி முடிவு செய்தது. பெண்கள் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டவர்கள். விசாரணை நடந்தது உண்மை. நீதிபதிகளின் நாற்காலி எல்லாருக்கும் போடப்படவில்லை என்பதும் உண்மை. அச்சும் பத்திரிகையும் கொண்டுவந்த தனிமை வாசிப்பை வெறும் இழப்பாகப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் புத்தகம் யார் கையிலும் ஒன்றுபோலத்தான் திறக்கும்.

காசுக்கு ஒரு வேதாளம்

1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய 'அம்புலிமாமா' அப்படித் திறந்த இதழ். அதில் வேதாளத்துக்கு நிலையான இடம் கிடைத்தது. பழைய இருபத்தைந்து கதைகள் எப்போதோ தீர்ந்துபோக, அதே சட்டகத்துக்குள் புதுக் கதைகள் மாதாமாதம் எழுதப்பட்டன. தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் மயானம் என்று விக்கிரமன் நடந்துபோகும் அந்தப் படத்தை வரைந்த சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன், தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1924இல் பிறந்த கொங்கு மண்ணின் ஆள். 2020இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நாகிரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம்தான் 1951இல் 'பாதாள பைரவி'யையும் 1957இல் 'மாயா பஜார்' படத்தையும் எடுத்தது. நாமக்கல் அப்போது சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்திலோ, டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தைக் கொடுத்தது. அச்சிலும் திரையிலும் மாயம் பக்கத்திலேயே தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. அலிபாபாவின் குகையும் ஒரு சொல்லுக்குத்தான் திறக்கும். சொல்லை மறந்தவன் உள்ளேயே மாட்டிக்கொள்வான். கதை மொத்தமும் அந்த நிபந்தனையில் நிற்கிறது.

ஏறக்குறைய இதே காலத்தில் பிரிட்டனிலும் இதைப் பற்றிய யோசனை நடந்தது. 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் டோல்கியன், கதாசிரியர் படைக்கும் இரண்டாம் உலகம் தன் விதிகளுக்குத் தானே உண்மையாக இருக்கும்வரை வாசகர் அதற்குள் இருந்து நம்புகிறார் என்றும், விதி பிசகியதும் வெளியே வந்து விழுகிறார் என்றும் விளக்கினார். 1954-55இல் வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆக்ஸ்போர்டு நண்பர் வட்டத்தில் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டப்பட்டு, கேலியும் பாராட்டும் வாங்கி வளர்ந்த நூல். நம் திண்ணைக்குத் தெரிந்த இரண்டும் அங்கேயும் இருந்தன: விதியும் கூட்டமும்.

இரும்புக் கையின் இலக்கணம்

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. பிரிட்டிஷ் சித்திரக்கதையின் தமிழ் வடிவம். விபத்தில் கை இழந்தவனுக்கு இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் மறையாது. அந்தரத்தில் மிதந்து வரும் ஒற்றைக் கையைப் பார்த்து அலறாத தமிழ்ச் சிறுவன் அந்தத் தலைமுறையில் குறைவு. இந்தக் கதையின் வெற்றி அதன் கஞ்சத்தனத்தில் இருக்கிறது. முழுக்க மறைந்துபோக முடிந்திருந்தால் மாயாவி எல்லாம் வல்லவன் ஆகியிருப்பான், கதை படுத்திருக்கும். மறைய மின்சாரம் வேண்டும், மறைந்தாலும் கை காட்டிக்கொடுக்கும் என்ற இரண்டு தடைகள்தான் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட வைத்தன. மின்சாரம் எட்டாத கிராமங்களின் பையன்களுக்கு அந்த நிபந்தனை இன்னும் கூர்மையாக உறைத்திருக்கும்.

1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இந்த இரண்டின் வாசகர்கள் தமிழில் தனி இனம். ஆசிரியர் எஸ். விஜயன் பக்கம் பக்கமாக அவர்களோடு பேச, அவர்கள் கடிதங்களில் பதிலுக்குப் பதில் கொடுத்தார்கள். எந்த நாயகன் தொடர வேண்டும், எதை மறுபதிப்புச் செய்ய வேண்டும், எந்த மொழிபெயர்ப்பு சறுக்கியது என்று சொல்லத் தயங்கியதில்லை. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா அவர்கள் ஆண்டுதோறும் நேரில் கூடும் இடமாகிவிட்டது. அங்கே வருகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வைகிங் வீரன் 'தோர்கல்' போன்ற ஐரோப்பிய மாயத் தொடர்கள் தமிழுக்கு வந்தபோது, வாளும் தெய்வங்களும் உலவும் கதையில் நாயகன் விண்வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளை என்பது பொருந்துகிறதா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் வாசகர் நிற்கிறார். இரண்டு உலகங்களின் விதிகளை ஒரே கதையில் கலக்கலாமா என்பது நுட்பமான அழகியல் கேள்வி. அதை வாசகர்கள் பல்கலைக்கழகச் சொற்கள் இல்லாமலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.

தெய்வமா, மனிதனா?

சேலத்தில் 1958இல் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், மாயத்தைப் பெரியவர்களின் வாசிப்புக்கு மீட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அவரது 'விட்டு விடு கருப்பா' 1990களின் பிற்பாதியில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' தொடராகி, தமிழ்நாடு முழுக்க வாரம் தவறாமல் பார்க்கப்பட்டது. ஒரு கிராமத்தில் குற்றவாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தண்டிப்பது குதிரையில் வரும் கருப்பா, ஆளா? எல்லைக்கு எல்லை கருப்பண்ணசாமி காவல் நிற்கும் இந்தச் சமவெளியில் அது வெறும் சஸ்பென்ஸ் இல்லை.

பிரெஞ்சு ஆய்வாளர் தொதொரோவ் 1970இல் எழுதிய நூலில், இயல்பான விளக்கமா, இயல்பு கடந்ததா என்று முடிவெடுக்க முடியாமல் வாசகர் தயங்கும் நேரமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்றார். இந்திரா சௌந்தர்ராஜன் அந்தத் தயக்கத்தை அத்தியாயம் அத்தியாயமாக நீட்டத் தெரிந்தவர். மனித விளக்கம் கிடைத்த பின்னும் கருப்புக்கான கதவை அவர் முழுக்கச் சாத்துவதில்லை. வாசகர்கள் இரண்டு கட்சியாவது அங்கேதான். கடைசியில் அறிவியல் விளக்கம் கொடுத்தது ஏமாற்று என்பார்கள் ஒரு கட்சியார். கொடுத்துவிட்டுத் தெய்வத்தையும் விட்டு வைத்ததுதான் ஏமாற்று என்பார்கள் இன்னொரு கட்சியார். ஒன்றில் மட்டும் இரு கட்சிக்கும் உடன்பாடு: ஆரம்பத்தில் கொடுத்த வாக்கை முடிவில் காப்பாற்ற வேண்டும்.

இலக்கியத் தரப்பும் இந்தப் பக்கம் வந்தது. 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', கற்பனையான ஒரு கோயில் நகரத்தின் பல காலங்களைச் சுழற்சியாக அடுக்கியது. அதன் பெயரால் 2009இல் உருவான வாசகர் வட்டம் ஆண்டுதோறும் கோவையில் கூடுகிறது; வாசகர்கள் எழுத்தாளர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்பது அங்கே முக்கிய நிகழ்ச்சி. சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி' 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தபோது, பறம்பு மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் விலங்குகளும் வாசகர் பேச்சாயின. எப்போதும் வடக்கு நோக்கியே உட்காரும் தேவாங்கு அந்த நாவலின் பெரும் போரையே கிளப்பிவிடுகிறது. நாமக்கல்லுக்கு அடுத்த கரூரிலும் திண்டுக்கல்லிலுமாகப் பரந்த கடவூர் காட்டை 2022இல் தேவாங்குக் காப்பகமாக அரசு அறிவித்தபோது, அந்தப் பிராணியின் பெயரைக் கேட்டதும் நாவலை நினைத்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். நிஜத் தேவாங்கு வடக்கே பார்க்குமா என்பது வேறு விஷயம். நாவலின் தேவாங்கு எந்தப் பக்கத்திலும் தெற்கே பார்த்துவிடக் கூடாது. வாசகர் கேட்பது அவ்வளவுதான்.

விசாரணை மன்றம் கலைந்தபோது

இந்தச் சமவெளியின் அண்மை வரலாற்றில் வாசகர் கூடுகைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டும் ஒரு கெட்ட எடுத்துக்காட்டும் உண்டு. இரண்டும் ஒரே எழுத்தாளரைச் சுற்றி நடந்தவை. நாமக்கல் அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், 'கூடு' என்ற பெயரில் மாணவர்களையும் வாசகர்களையும் கூட்டி வாசித்துப் பேசும் சந்திப்புகளை நடத்தினார். அங்கே வாசிக்கப்பட்ட அனுபவக் கட்டுரைகள் 2013இல் 'சாதியும் நானும்' தொகுப்பாயின. பழைய திண்ணை யாரை விலக்கியதோ அவர்கள் இங்கே எழுதி வாசித்தார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அவர் 2010இல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. நாவலிலிருந்து பிரித்தெடுத்த சில பக்கங்கள் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. முழுக் கதையையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்துக்கு நேரெதிர் இது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன்னைத்தானே இறந்தவராக அறிவித்துக்கொண்டார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 'மாதொருபாகன்' மாயக்கதை இல்லை. ஆனாலும் வாழும் கோயிலோடு பிணைந்த ஒரு கதையைப் பற்றியது என்பதால் நம் கேள்விக்கு நேராகத் தொடர்புடையது. கதைக்குள் நிகழ்ந்ததைக் கதையின் விதியால் அளக்காமல், வெளியே இருக்கும் பெருமையால் அளந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் பார்த்துவிட்டது.

அந்த மௌனத்துக்குப் பின் அதே ஆண்டில் அவர் எழுதி வெளிவந்த முதல் நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. அசுர உலகம், கேள்வி கேட்டால் பொறுக்காத ஆட்சி, ஆட்டுக்குட்டிக்கும் காது குத்திக் கணக்கு வைக்கும் அதிகாரிகள், ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் கறுப்பு வெள்ளாடு. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்ற நிலையில் அசுரரையும் ஆட்டையும் எடுத்துக்கொண்டதை முன்னுரையிலேயே சொல்கிறார். வறண்ட காடு, பட்டி, தழை ஒடித்துப் போடும் கிழவி என்று நாமக்கல் மண்ணின் அத்தனை நுணுக்கமும் அதில் இருக்கிறது. மாயக்கதை தப்பித்தல் என்று சொல்கிறவர்கள் இந்த நாவலை வைத்து யோசிக்க வேண்டும். நேராகச் சொல்ல வழியடைந்தபோது நேரானதைச் சொல்வதற்கு அது உதவியிருக்கிறது.

முடிவுகள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து மாயக்கதை வாசகர்களின் தீர்ப்புக்கு மூன்று படிகள் இருப்பதாகச் சொல்லலாம். முதலாவது நிபந்தனை: கதை தனக்கு விதித்துக்கொண்ட சட்டத்தைக் காத்ததா? பட்டியும் மாயாவியும் தேவாங்கும் இதில் அடக்கம். இரண்டாவது நியாயம்: சட்டம் காக்கப்பட்டாலும், நடந்தது சரியா? வேதாளம் கேட்டது இதை. மூன்றாவது எல்லை: கதை வாழும் நம்பிக்கையைத் தொடும்போது அதைக் கதையாகவே விசாரிக்க மனம் வருகிறதா? முதல் இரண்டில் நம் வாசகர்கள் தேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி. மூன்றாவதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தும் முதல் இரண்டிலேயே இருக்கிறது: கதையை முழுக்கக் கேட்பது, மாறுபட்டவர் சொல்வதையும் கேட்டு முடிப்பது.

இதற்கு ஆடம்பரமான ஏற்பாடு எதுவும் வேண்டாம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் கிராம ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடம் கட்டியது. பல இடங்களில் அவை பூட்டிக் கிடந்ததற்குப் புத்தகக் குறைவு மட்டும் காரணமில்லை, வந்து உட்கார்ந்து பேச ஒரு வேளை குறிக்கப்படாததும் காரணம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இப்போது பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுக்கிறது. படித்த பிறகு 'கதையின் நீதி என்ன?' என்று கேட்பது நம் வகுப்பறைப் பழக்கம். அதற்கு ஒரே பதில்தான் இருக்கும், அதுவும் ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்கும். வேதாளம் கேட்ட கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. பதில் சொன்னவர் காரணமும் சொல்லியாக வேண்டும். எருமப்பட்டிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டால் போதும்: 'இதில் யார் செய்தது சரி, ஏன்?' அந்த வகுப்பில் எழும் சண்டைக்கு ஈராயிரம் ஆண்டு மரபு இருக்கிறது.